கண்காட்சிக்குக் கன்று பிடித்துப் போகும் பிள்ளைகளுக்கு

மழை ஓய்ந்து தை பிறந்துவிட்டால் கடலூர் மாவட்டத்துக் கிராமங்களிலும், புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம் பக்கங்களிலும் கால்நடை முகாம் பற்றிய பேச்சு வர ஆரம்பிக்கும். பந்தல் போட்டு, மாடுகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்து, சினை பார்த்து, கடைசியில் கிடேரிக் கன்றுகளை வரிசையாக நிறுத்தி நல்ல கன்றுக்குப் பரிசு கொடுப்பார்கள். பரிசு ஒரு எவர்சில்வர் பாத்திரமாகவே இருக்கட்டும், கயிற்றைப் பிடித்து நின்ற ஏழாம் வகுப்புப் பிள்ளை கையில் வாங்கி வந்தால் அந்தப் பாத்திரத்துக்கு வீட்டில் தனி இடம்.

அந்த வரிசையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பாதிக் கன்றுகள் அன்று விடியற்காலை குளிப்பாட்டப்பட்டவை. உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய், எண்ணெய் மேல் ரோட்டுப் புழுதி, கொம்பு முளையில் மாட்டுப் பொங்கலுக்கு அடித்த பெயிண்ட். கயிற்றின் இந்த முனையில் ஒரு பையன் பின்னால் சாய்ந்து இழுத்துக்கொண்டிருப்பான். அந்த முனையில் கன்று முன்னங்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு நகர மாட்டேன் என்று நிற்கும். அன்று காலையில் என்ன செய்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. ஆறு வாரம் முன்னாடி ஆரம்பித்திருக்க வேண்டிய வேலை இது. அந்த ஆறு வாரத்தில் பிள்ளை செய்ய வேண்டியது எது, பிள்ளையிடம் விடவே கூடாதது எது என்பதுதான் இந்தப் பதிவு.

எந்தக் கன்று, எந்தப் பிள்ளை

பரிசு பெரும்பாலும் கிடேரிக்குத்தான். சினை ஊசி போட்டுப் பிறந்த ஜெர்சி கலப்பு, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் பிரீசியன் என்ற சீமை மாட்டினம்) கலப்புக் கன்றுகள்தான் நம் பக்கத்தில் அதிகம். வீட்டில் இரண்டு கன்று இருந்தால் அழகானதை எடுக்காமல் அமைதியானதை எடுங்கள். ஆறு வாரத்தில் உடம்பைத் தேற்றலாம்; மிரள்கிற சுபாவத்தை மாற்றுவது கஷ்டம்.

பிள்ளைக்கும் கன்றுக்கும் எடை பொருந்த வேண்டும். என் கணக்கு இது: கன்றின் எடை பிள்ளையின் எடையைப் போல மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. 35 கிலோ பிள்ளைக்கு 100 கிலோ கன்று சரி. எட்டு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் பிரஷ் போடட்டும், தண்ணீர் காட்டட்டும், கயிறு வேண்டாம்.

எடை மேடை எல்லா ஊரிலும் கிடையாது. தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஒரு அளவு, தோள்பட்டை முனையிலிருந்து பின்புட்ட எலும்பு வரை நீளம் ஒரு அளவு, இரண்டும் சென்டிமீட்டரில். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் கிலோ வரும். மார்பு 110, நீளம் 95 என்றால் சுமார் 106 கிலோ. இந்தக் கணக்கைப் பிள்ளையையே போடச் சொல்லுங்கள். வாரம் ஒரு தடவை, ஒரே நாளில், காலையில் தீவனம் வைப்பதற்கு முன்பு அளந்து நோட்டில் எழுதட்டும். நல்ல தீவனம் தின்னும் கலப்பினக் கன்று ஒரு நாளைக்கு 400 முதல் 500 கிராம் ஏறும், அதாவது வாரத்துக்கு மூன்று கிலோ. இரண்டு வாரம் எண் நகரவில்லை என்றால் தீவனத்தைக் கூட்டும் முன் புழுவைச் சந்தேகப்படுங்கள்.

முதலில் வயிறு

முடி சொரசொரவென்று நிமிர்ந்து நிற்கிறது, வயிறு பானை மாதிரி தொங்குகிறது, முதுகெலும்பு தெரிகிறது என்றால் எந்த ஷாம்பும் உதவாது. அது குடற்புழு. பிறந்த 10 முதல் 14 நாளில் முதல் மருந்து, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை, அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. அளந்த எடையைக் கால்நடை மருத்துவரிடம் சொல்லி அளவு கேட்டு வாங்குங்கள். மருந்து ஊற்றுவது பெரியவர் வேலை. தலையை அண்ணாந்து பிடித்து வேகமாக ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். மூக்கு கண் மட்டத்துக்கு மேல் போகாமல் பிடித்து, வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்க விட வேண்டும்.

கண்காட்சிக்கு மூன்று நான்கு வாரம் முன்பே புழு மருந்து, தடுப்பூசி எல்லாம் முடிந்திருக்க வேண்டும். முதல் நாள் ஞாபகம் வந்து மருந்து கொடுத்தால் மறுநாள் வரிசையில் கழிந்துகொண்டு நிற்கும். கோமாரி ஊசி நான்கு மாதத்தில் முதல் முறை, ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஊசி போட்ட உடனே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. இரண்டு மூன்று வாரம் ஆகும். ஊர் மாடெல்லாம் ஒன்றுகூடும் இடத்துக்குப் போவதற்கு முன் அந்த இடைவெளி வேண்டும். கிடேரிக்கு நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் கருச்சிதைவு நோய்க்கான ஊசி ஆயுளில் ஒரே ஒரு முறை. காதில் 12 இலக்க மஞ்சள் வில்லை இருக்கிறதா என்றும் பாருங்கள். அழகைக் கெடுக்கிறது என்று அதைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பதிவெல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

தீவனத்தில் புதுமை வேண்டாம். வீட்டில் கலப்பதென்றால் பத்து கிலோவுக்கு: அரைத்த மக்காச்சோளம் 4 கிலோ, மல்லாட்டைப் புண்ணாக்கு (வேர்க்கடலைப் புண்ணாக்கு) 2.5 கிலோ, தவிடு 3.2 கிலோ, தாது உப்புக் கலவை 200 கிராம், உப்பு 100 கிராம். நூறு கிலோ கன்றுக்கு இதில் ஒரு நாளைக்கு ஒன்றேகால் கிலோ, இரண்டு வேளையாகப் பிரித்து. கூடவே ஏழெட்டு கிலோ பசும்புல், பக்கத்தில் எப்போதும் கொஞ்சம் வைக்கோல். புண்ணாக்கை உடைத்து மோந்து பாருங்கள். கார்த்திகை, மார்கழி ஈரத்தில் நம் கடலோரத்தில் மூட்டையின் அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கும். பச்சையாகவோ கறுப்பாகவோ பொடி தெரிந்தால், புழுக்க வாடை வந்தால், அந்தப் புண்ணாக்கு மாட்டுக்கு ஆகாது. வெயிலில் காயவைத்தால் வாடை போகும், பூஞ்சையின் நஞ்சு போகாது.

பிள்ளைகள் ஆசையில் செய்யும் தப்பு ஒன்று உண்டு. கன்று சீக்கிரம் கொழுக்கட்டும் என்று சாதம், பொங்கல், கஞ்சி என்று தட்டு தட்டாக வைப்பார்கள். மாட்டு வயிற்றில் சோறு வேகமாகப் புளித்து அமிலமாகும். அசை போடுவது நின்று, வயிறு உப்பி, கன்று படுத்துவிடும். ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் மறுநாள் கால்நடை மருத்துவர்கள் ஓடிக்கொண்டிருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஒரு கைப்பிடி பிரசாதம் போதும். அதற்கு மேல் தின்றுவிட்டது, அசையும் போடவில்லை என்றால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை ஊர்தி வரும்.

கயிறு

கழுத்துக் கயிற்றைப் பிடித்து 35 கிலோ பிள்ளையால் 100 கிலோ கன்றை நிறுத்த முடியாது. தலை எங்கே திரும்புகிறதோ உடம்பு அங்கேதான் போகும், ஆகவே பிடி முகத்தில் இருக்க வேண்டும். மூக்கணாங்கயிறு இந்த வயசுக்கு வேண்டவே வேண்டாம். முகக்கயிறு போதும்.

சுண்டுவிரல் பருமனில் பருத்திக் கயிறு, நாலு மீட்டர். நைலான் கயிறு மலிவு, மழைக்கு இற்றுப் போகாது, எல்லாம் சரி. ஆனால் கன்று இழுத்துக்கொண்டு ஓடினால் பிள்ளையின் உள்ளங்கைத் தோலை உரித்துவிடும், கன்றின் தாடையிலும் புண் போடும். மூக்கின் மேல் வரும் பட்டை, கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுவில், கை வைத்தால் கெட்டியாக எலும்பு தட்டும் இடத்தில் உட்கார வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் எலும்பு முடிந்து மெத்தென்று இருக்கும். அங்கே கயிறு இறுகினால் மூச்சு முட்டும். மூச்சு முட்டிய கன்று தலையை உதறும், பின்னால் போகும், கடைசியில் விழும். பார்க்கிறவர்கள் “முரட்டுக் கன்று” என்பார்கள். கயிறு மூன்று விரல் இறங்கியதுதான் காரணம். காதுக்குப் பின்னால் போகும் கயிற்றுக்கடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். பிடிகயிறு கன்றின் இடது தாடைப் பக்கம் வர வேண்டும், ஏனென்றால் பிள்ளை நடப்பது இடது பக்கம்.

பிடிகயிற்றின் மிச்சத்தைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. இதைப் பிள்ளைக்கு நூறு தடவை சொன்னாலும் தகும். வளையமாகவும் பிடிக்கக் கூடாது. இழுபட்டால் வளையம் மணிக்கட்டில் சுருக்காக விழும். எட்டு போட்ட மாதிரி மடித்து, மடிப்பை உள்ளங்கையில் பிடிக்க வேண்டும். கன்று பிய்த்துக்கொண்டு ஓடினால் கயிற்றை விட்டுவிட வேண்டும். “விட்டா அப்பா திட்டுவாரு” என்ற பயத்தில்தான் பிள்ளைகள் தரையில் இழுபடுகிறார்கள். விடச் சொல்லி முன்கூட்டியே சொல்லுங்கள். ஓடும் கன்றைப் பிடிக்கத்தான், முதல் நான்கு வாரமும் கழுத்தில் இரண்டாவது கயிறு போட்டு ஒரு பெரியவர் கூடவே வருவது. கட்டும்போது, ஒரு முனையை இழுத்தால் அவிழ்ந்துவிடும் உருவு முடிச்சு மட்டும். இரவில் முகக்கயிற்றைக் கழற்றிவிட வேண்டும். கட்டுத்தறியில் சிக்கினால் விடிகிற வரை யாரும் பார்க்க மாட்டார்கள்.

பழக்குவது

முதல் வாரம் நடையே கிடையாது. காலை பதினைந்து நிமிஷம், பள்ளிக்கூடம் விட்டு வந்து பதினைந்து நிமிஷம் பிரஷ் போட்டுத் தடவிக் கொடுப்பது மட்டும். கன்றுக்கு நேர் பின்னால் பார்வை கிடையாது. அங்கிருந்து சத்தமில்லாமல் வந்து தொட்டால் உதைக்கும். தோள்பட்டைக்குப் பக்கவாட்டில் பேசிக்கொண்டே வந்து, முதலில் கழுத்துக்கும் திமில் இருக்கும் இடத்துக்கும் நடுவே சொறிந்து கொடுக்கச் சொல்லுங்கள். தாய்ப்பசு நக்கும் இடம் அது. இரண்டே நாளில் கன்று கழுத்தை நீட்டிக் காட்டும். அங்கிருந்து முதுகு, வயிறு, தொடை, கடைசியில் கால், வால். காது உள்பக்கம், வாய் ஓரம், வாலடி மூன்றையும் தொட்டுப் பழக்கிவிட வேண்டும். நடுவராக வருகிற மருத்துவர் பல் பார்ப்பார், வாலைத் தூக்கி உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பார், நான்கு காம்பையும் எண்ணுவார். முதன்முதலில் ஒரு அந்நியர் அங்கே கை வைக்கும்போது துள்ளினால் ஆறு வார உழைப்பும் போச்சு.

இரண்டாவது வாரத்தில் முகக்கயிற்றைப் போட்டு, கன்றின் கண் மட்டத்துக்கு ஒரு தூணில் இரண்டு அடி கயிறு விட்டுக் கட்டி, இருபது நிமிஷம் நிற்க வையுங்கள். கயிற்றோடு மல்லுக்கட்டிப் பார்க்கும். தூண் அசையாது என்று தெரிந்ததும் தானாக ஒரு அடி முன்னால் வந்து கயிற்றைத் தளர்த்திக்கொள்ளும். கன்றுக்குப் பாடம் இதுதான்: முன்னால் வந்தால் தளரும். பிள்ளை பக்கத்தில் பெரியவர் இருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டிவிட்டு டிவி பார்க்கப் போகக் கூடாது.

இதே பாடத்தைத்தான் நடையிலும் கொடுப்பது. பிள்ளை கன்றின் இடது தோளை ஒட்டி நின்று, வலது கையால் தாடையிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கயிற்றைப் பிடித்து, “ஹை” என்று ஒரு தடவை சொல்லி, மெதுவாக முன்னால் இழுக்க வேண்டும். கன்று ஒரே ஒரு அடி வைத்தாலும் அந்த நொடியே கை தளர வேண்டும். இங்கேதான் எல்லாப் பிள்ளைகளும் தப்புச் செய்வார்கள். கன்று நடந்த பிறகும் இழுத்துக்கொண்டே இருப்பார்கள். நடந்தாலும் இழுக்கிறான், நின்றாலும் இழுக்கிறான் என்றால் கன்றுக்கு நடக்க என்ன அவசியம்? அது நின்றுகொள்ளும்.

நின்றுவிட்டால் முன்னால் போய் நின்று இழுப்பது வீண். நாலு காலையும் ஊன்றிய கன்றை எதிரில் நின்று யாராலும் அசைக்க முடியாது. பக்கவாட்டுக்குப் போய் தலையைத் தன் பக்கம் திருப்பினால் கன்றின் நிலை தப்பும். விழாமல் இருக்க ஒரு கால் எடுத்து வைத்தே ஆக வேண்டும். வைத்ததும் கயிற்றைத் தளர்த்தி, ஒரு சொறி சொறிந்து, மறுபடி நேராகப் போகலாம். வாலை முறுக்குவது, குச்சியால் குத்துவது எல்லாம் வேகமாகப் பலன் தருகிற மாதிரித் தெரியும். அப்படிப் பழக்கிய கன்று, பின்னால் யார் வந்தாலும் குதிக்கும். கண்காட்சியில் பின்னால் வருகிறவர் நடுவர்தான்.

ஆரம்பத்தில் எப்போதும் கன்றுக்குப் பிடித்த இடத்தை நோக்கியே நடத்துங்கள்: கொட்டகையிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு, தொட்டியிலிருந்து புல்லுக்கு. நாலாவது வாரம் தெருவுக்கு, ஐந்தாவது வாரம் டீக்கடை, பஸ் நிற்கும் இடம், கோயில் ஒலிபெருக்கி. நம் ஊர் முகாமில் மைக்செட் இல்லாமல் எதுவும் நடக்காது. குடை விரிப்பார்கள், பந்தல் துணி படபடக்கும். மைக்செட் சத்தத்தை போனில் போட்டு, தீவனம் தின்னும் நேரத்தில் கொட்டகையில் வைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பழகிவிடும்.

நிற்பதும் ஒரு பாடம். நான்கு காலும் நாற்காலிக் கால் மாதிரி நான்கு மூலையில் இருக்க வேண்டும், தலை முதுகு மட்டத்துக்கு மேல். முன்னங்கால் இருக்கிற இடம் ஒரு விரல்கடை மேடாக இருந்தால் முதுகு நேராகத் தெரியும்; பள்ளத்தில் நின்றால் நல்ல கன்றும் கூன் போட்ட மாதிரி இருக்கும். கால் சரியில்லை என்றால் பிள்ளை குனிந்து காலைத் தூக்கி வைக்கக் கூடாது. முகக்கயிற்றைப் பின்னால் தள்ளினால் பின்னங்கால் பின்னால் போகும், தோளில் விரலால் அழுத்தினால் முன்னங்கால் மாறும். ஒரு நிமிஷத்தில் ஆரம்பித்து பத்து நிமிஷம் வரை கொண்டு வாருங்கள்.

உண்ணி, படர்தாமரை

உண்ணி இருக்கும் இடம் காதின் உள்மடிப்பு, அலைதாடி (கழுத்துக்கடியில் தொங்கும் தோல்), கக்கம், மடி, வாலடி. மரபு வைத்தியத்தில் ஒரு தைலத் தண்ணீர் உண்டு: பூண்டு 10 பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பங்கொட்டை ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், துளசி ஒரு கைப்பிடி, உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து துணியில் வடிகட்டி, வெயில் நேரத்தில் உடம்பில் தெளிக்க வேண்டும், வாரம் ஒரு தடவை. கொட்டகைச் சுவரின் விரிசலிலும் தெளியுங்கள். உண்ணி முட்டை போடுவது மாட்டின் மேல் இல்லை, சுவரிலும் தரையிலும்தான். உண்ணிச்செடி உள்ளே போனால் நஞ்சு. ஆகவே காயும் வரை கன்று நக்காமல் பார்த்துக்கொள்வதும், பிள்ளை கைகழுவுவதும் முக்கியம். ஊசி, மருந்துத் தெளிப்பு வேண்டுமென்றால் அது மருத்துவர் சொல்லி, பெரியவர் கையால்.

கண்ணைச் சுற்றியோ கழுத்திலோ காலணா அளவுக்கு வட்டமாக முடி உதிர்ந்து சாம்பல் நிறப் பொருக்கு கட்டினால் அது படர்தாமரை. கன்றிலிருந்து பிள்ளைக்கு ஒட்டும், பிரஷ் வழியாக அடுத்த கன்றுக்கும் போகும். அந்தக் கன்றைப் பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள், கண்காட்சிக்கும் கொண்டு போகாதீர்கள்.

குளியல்

வாரம் ஒரு குளியல் போதும். தினமும் சோப்புப் போட்டால் தோலின் இயற்கை எண்ணெய் போய்ப் பொடுகு வரும். மினுமினுப்பு வருவது தினப்படி பிரஷ்ஷில்தான். தேங்காய் நார்க் கட்டை எடுத்து வட்ட வட்டமாகத் தேய்த்தால் செத்த முடியும் காய்ந்த சாணியும் கிளம்பும். அப்புறம் மென்மையான பிரஷ்ஷால் முடி படியும் பக்கமாக நீளமாக இழுக்க வேண்டும். விலா, தொடை மாதிரிச் சதை உள்ள இடத்தில் அழுத்தலாம். முகம், முழங்கால், இடுப்பெலும்பு முனை, மடி ஆகிய இடங்களில் நார் வேண்டாம், கையும் துணியும் மட்டும்.

குளிப்பாட்டும் நேரம் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று, வெயில் ஏறத் தொடங்கும்போது. கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் குளம்பு, கால், பிறகு தொடை, வயிறு, முதுகு. எடுத்த எடுப்பில் முதுகில் வாளித் தண்ணீரைக் கொட்டினால் அடுத்த வாரம் வாளியைப் பார்த்தாலே ஓடும். தலையில் தண்ணீர் ஊற்றுவதே இல்லை. ஈரத் துணியால் துடைப்பது மட்டும். காதுக்குள் தண்ணீர் போனால் காது சீழ் பிடிக்கும், தலையைச் சாய்த்துக்கொண்டே இருக்கும்.

துணி சோப்பு, பாத்திரம் துலக்கும் சோப்பு வேண்டாம். சீயக்காய்த் தூள் நல்லது. கண்ணில் படாமல் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளைக்குப் போடும் மென்மையான ஷாம்பு ஒரு மூடி, அரை வாளித் தண்ணீரில். நம் கடலோர ஊர்களில் போர் தண்ணீர் சில இடம் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரில் நுரை வராது, வராததால் இன்னும் போடுவார்கள், அலசினாலும் போகாது, காய்ந்ததும் கறுப்புத் தோலில் மாவு தூவின மாதிரி நிற்கும். அந்த ஊர்க்காரர்கள் கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் இரண்டு குடம் பிடித்து வையுங்கள். வயிற்றடி, தொடை இடுக்கு, அலைதாடி மடிப்பு மூன்றிலும் நுரை தங்கும், தங்கினால் அரிக்கும். வழிகிற தண்ணீர் தெளிவாக வரும் வரை அலசிவிட்டு, உள்ளங்கை விளிம்பால் தண்ணீரை வழித்துவிட்டு, கோணியால் ஒத்தி, இளவெயிலில் கட்டுங்கள்.

எச்.எஃப். கலப்பின் வெள்ளைப் பகுதியில், முக்கியமாகத் தொடையிலும் வால் குஞ்சத்திலும், கோமியக் கறை மஞ்சளாக நிற்கும். குஞ்சத்தை மட்டும் சீயக்காய்த் தண்ணீரில் பத்து நிமிஷம் முக்கி வைத்து விரலால் பிரித்துக் கசக்கினால் போகும். சொட்டு நீலம் போடுகிறவர்களும் உண்டு. ஒரு வாளிக்கு இரண்டு சொட்டுக்கு மேல் போனால் கன்று நீல வாலோடு வரும், ஊரே சிரிக்கும். கறை வராமல் இருக்க ஒரே வழி, கடைசி வாரம் இரவில் புது வைக்கோலோ உலர்ந்த மணலோ நிறையப் போட்டுப் படுக்கவிடுவது. குஞ்சத்தை வெட்டாதீர்கள், ஈ ஓட்ட அதற்கு வேறென்ன இருக்கிறது?

குளம்பு இடுக்கில் கல், காய்ந்த சேறு இருந்தால் மழுங்கிய மரக்குச்சியால் எடுக்கலாம், பெரியவர் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அழுகல் வாடை வந்தாலோ, கன்று நொண்டினாலோ சுத்தம் செய்வதோடு நிற்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். குளம்பு சீவுவது பிள்ளை வேலை இல்லை.

முந்தின நாளும் அன்றைக்கும்

கடைசிக் குளியல் முந்தின நாள் காலையோடு சரி. விடியற்காலைக் குளியலும், ஈர உடம்போடு வண்டியில் பனிக்காற்றும் சேர்ந்தால் சளி பிடிக்கும். அன்று காலை பிரஷ்ஷும் துணியும் போதும். துணி மூன்று: ஒன்று கண்ணுக்கும் மூக்குக்கும், ஒன்று காதுக்கு, ஒன்று வாலடிக்கு. இந்த வரிசை மாறக் கூடாது. காது வில்லையைத் துடைத்து எண் தெரியும்படி வையுங்கள். எண்ணெய் வேண்டாம். நெற்றியில் மஞ்சள் குங்குமம் இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மாலை மட்டும் வேண்டாம்; பக்கத்துக் கன்று அதைத் தின்னும், நூலும் சரிகையும் வயிற்றுக்குள் போகும். பெண்பிள்ளை தலையில் பூ வைத்துக்கொள்வதும் அப்படித்தான். கனகாம்பரத்தைப் பின்னலோடு சேர்த்து இழுக்கத் தயங்காத ஜீவன் அது. துப்பட்டாவையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும். கால் மூடிய ஷூ கட்டாயம்.

குட்டி யானையில் ஏற்றுவதை இரண்டு நாள் முன்பே ஒருமுறை ஒத்திகை பாருங்கள். வண்டியை மேட்டோரம் பின்பக்கமாக விட்டால் பலகைச் சரிவு குறையும். தரையில் மணலும் மேலே வைக்கோலும். வெறும் இரும்புத் தகட்டில் சாணி போட்டதும் கன்று வழுக்கி விழும். முகக்கயிறு குட்டையாக, தலை தரையைத் தொடாத அளவுக்கு. புறப்படும் முன் அரை வயிறு வைக்கோல் போதும், அடர்தீவனத்தைத் திரும்பி வந்து வையுங்கள். ஊர் மாறினால் தண்ணீர் வாடை மாறும், கன்று குடிக்காது. ஒரு வாரமாக வீட்டுத் தண்ணீரில் சிறு துண்டு வெல்லம் கரைத்துப் பழக்கி, அங்கேயும் அதே வெல்லத்தைக் கரைத்தால் வித்தியாசம் தெரியாமல் குடிக்கும். வாய் திறந்து மூச்சு வாங்கினால், நாக்கு வெளியே வந்தால், வரிசையாவது பரிசாவது, உடனே நிழல், காலிலும் கழுத்திலும் தண்ணீர்.

வரிசையில் பிள்ளையின் கண் பாதி கன்றின் மேல், பாதி நடுவர் மேல் இருக்க வேண்டும். அவர் பின்பக்கம் போனால் பிள்ளை கொஞ்சம் முன்னால் வந்து கன்றின் தலையை நேராக்க வேண்டும். கேள்வி கேட்பார்: எத்தனை மாதம்? தாய் எவ்வளவு கறக்குது? கடைசியா எப்ப புழு மருந்து கொடுத்தீங்க? என்ன தின்னுது? ஆறு வாரமாக நோட்டில் எழுதிய பிள்ளைக்கு இது மனப்பாடம் பண்ணுகிற விஷயம் இல்லை. பின்னாலிருந்து அப்பா பதில் சொல்லும்போதுதான் பிள்ளை விழிக்கும். பந்தலுக்கு வெளியே நின்றுகொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும் கன்றை மற்ற மாடுகளோடு கட்டாதீர்கள். இரண்டு மூன்று வாரம் தனி இடம், தனி வாளி, தனித் தீவனத் தொட்டி; மற்ற மாடுகளின் வேலையை முடித்துவிட்டுக் கடைசியில் இந்தக் கன்றிடம் வர வேண்டும். கன்றின் உடல் சூடு 101 முதல் 103 டிகிரி பாரன்ஹீட் வரை சாதாரணம். அதைத் தாண்டினால், எச்சில் நூலாக வடிந்தால், தோலில் கட்டி கட்டியாகத் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவர். முகக்கயிற்றையும் பிரஷ்ஷையும் அன்று இரவே வெந்நீரும் சோப்பும் போட்டு அலசி, மறுநாள் முழு வெயிலில் காயவைக்கப் பிள்ளையிடம் சொல்லுங்கள். அதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு சாப்பிடட்டும். காலையிலிருந்து அதுவும் ஒன்றும் சாப்பிட்டிருக்காது.